நாணயக் கதவு (ஆர்கேட் இயந்திரம்)

காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியின் முன்புறம், பொத்தான் பலகைக்குக் கீழே உள்ள இரும்புக் கதவு. 1980இல் வெளிவந்த ‘பேக்-மேன்’ காலத்து அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு காசுத் துளைகள் இருக்கும்.

துளைக்குப் பின்னால் காசு சோதிக்கும் கருவி உண்டு. 25 சென்ட் நாணயம் 24.26 மி.மீ. விட்டம், 1.75 மி.மீ. தடிமன், 5.67 கிராம் எடை கொண்டது. இவற்றுக்கு ஒத்துவராததைக் கருவி வெளியே தள்ளிவிடும். இரும்பு வில்லை போட்டு ஏமாற்றுவோருக்காக உள்ளே ஒரு காந்தமும் உண்டு. தேறிய காசு விழும்போது மைக்ரோசுவிட்சின் மெல்லிய கம்பியைத் தட்டும். அந்தக் கணநேர இணைப்பைத்தான் சர்க்யூட் போர்டு ஓர் ஆட்டமாகக் கணக்கிடுகிறது.

பழைய பெட்டிகளில் கதவு நெம்பப்பட்டோ பூட்டு துளைக்கப்பட்டோ இருப்பது சகஜம். மாற்றுக் கதவு வாங்குமுன் அளக்க வேண்டியது பழைய சட்டத்தின் வெளிவிளிம்பை அல்ல, மரத்தில் வெட்டிய திறப்பை. சட்டத்தை முன்புறமாக நுழைத்து, உட்புறப் பிடிகளைப் போல்ட்டால் இறுக்குவர். கதவின் விளக்குகள் 6.3 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் பார்க்க வேண்டும். 1985இல் வந்த ஜம்மா இணைப்பு முறையில் முதல் காசுச் சுவிட்சு 16ஆம் முனைக்குச் செல்லும். கதவு உலோகம் என்பதால் எர்த் கம்பியை இணைக்காமல் விடவே கூடாது. பலர் அலட்சியம் செய்வது இதைத்தான்.

வீட்டில் வைத்திருப்போர் சிலர், காசைத் திருப்பித் தரும் பொத்தானுக்குப் பின்னால் ஒரு சுவிட்சு வைத்துக் காசில்லாமலே ஆடுகின்றனர்.