பள்ளிக்கு வாராப் பிள்ளை

"வீட்டில் விசேஷம், ஆதலாற் பிள்ளை வரவில்லை" என்னுஞ் சொல்லைக் கேளாது ஒரு வாரங் கழிப்பது இந்நாளில் ஆசிரியராயுள்ளார்க்கு அரிது. நோயால் வாராமை வேறு. வறுமையால் வாராமை வேறு. அவ்விரண்டுமின்றி, காதுகுத்து, புதுமனை புகுதல், தூரத்து உறவினர் திருமணம், குலதெய்வ வழிபாடு, ஊர் சுற்றிப்பார்த்தல் என்றின்னோரன்ன காரணங்களாற் பள்ளிநாளை இழக்கும் பிள்ளைகளை ஆசிரியர் என் செய்வது? இவ்வினா புதிதன்று. நம் நாட்டு ஆசிரியன்மார் இதற்குக் காலந்தோறும் என்ன விடை கண்டனர் என்பதை யாம் அறிந்த அளவிற் கூறப் புகுகின்றேம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீயகங்கன் வேண்டுகோளால் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாயிரத்திற் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து, உரிய பொழுதிற் சென்று சேர்தலையே முதற்கண் வைத்தார். வழிபாடும் குறிப்பறிதலும் அதன் பின்னரே வருகின்றன. மாணாக்கராதற்குத் தகாதாரை எண்ணுமிடத்துச் சோம்பரையும் உறங்குவோரையும் அவர் சேர்த்திருப்பதும் நோக்கத்தக்கது. அஃதாவது, வாராதவனை வருவிக்கும் வழியை அவர் ஆராயவேயில்லை. அவன் மாணாக்கனே அல்லன் என்று விடுத்தார். கல்வி வேண்டியவன் ஆசானைத் தேடி நடந்த காலத்து நூல் அது. எல்லாப் பிள்ளையும் கற்றல் வேண்டும் என்னுங் கொள்கை எழுந்த பின்னர் இவ்விடை நமக்கு உதவாது.

இனித் திண்ணைப் பள்ளிகளைப் பார்ப்போம். 1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்குப் பணித்தார். விடைகள் யாவும் வந்தபின் 1826இல் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் உளர் என்று கண்டிருக்கின்றது. கலெக்டர்களுட் பெரும்பாலார் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பினர். அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்து இன்று கருநாடகத்தின்பாற்பட்ட பல்லாரியின் கலெக்டர் கேம்பெல் ஒருவரே, 1823 ஆகஸ்டில், பள்ளி நடக்கும் முறையை விரிவாக எழுதினார்.

அவர் கூற்றின்படி, பள்ளி காலை ஆறுமணிக்குத் தொடங்கும். முதலில் வருபவன் உள்ளங்கையிற் கலைமகளின் திருப்பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்பால் வருவோர்க்கு ஒவ்வோரடி மிகும். முதலில் வருவோனை நம் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் "வேத்தான்" என்று சிறப்பித்தல் வழக்கு. எம் பாட்டனார் தாம் ஒருகால் வேத்தானாக இருந்ததை எண்பது வயதிலும் சொல்லி மகிழ்வர்.

இம்முறையைப் புகழ்ந்துரைப்பார் பலர். யாமோ ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பல்லாரியில் 533 பள்ளிகளும் 6,641 மாணாக்கரும் இருந்தனர் என்று கேம்பெல் எழுதுகின்றார். ஆகவே ஒரு பள்ளிக்குப் பன்னிருவர் அல்லது பதின்மூவர். பதின்மூன்றாவதாக வருபவனுக்குக் கிடைப்பது பதினோரடி. பதினோரடி காத்திருக்கின்றது என்றறிந்த சிறுவன் திண்ணைக்கு வருவானோ, ஏரிக்கரைக்குப் போவானோ? நேரங் கடந்து வருதலைத் தடுக்க வகுத்த விதியே வாராமையை வளர்த்திருக்கும் என்பது எம் கருத்து.

வாராதவனுக்குச் செய்த தண்டங்கள் இன்னுங் கொடியவை. இரு கைகளையும் பிணித்துக் கூரையிற் கட்டிய கப்பியினின்று தொங்கவிடுதலையும், ஓயாது முழந்தாளிட்டு எழச்செய்தலையும் கேம்பெல் குறிக்கின்றார். கூரையினின்று கயிற்றில் தொங்கவிடுந் தண்டத்திற்குத் தமிழிற் கோதண்டம் என்று பெயர். அண்ணாந்தாள் பூட்டுதல், காலிற் குட்டையிடுதல் என்பனவும் இருந்தன. வாராத பிள்ளையைக் கொணரச் சட்டாம்பிள்ளை நான்கு தடியான சிறுவர்களோடு புறப்படுவான். அவர்கள் கையுங்காலும் பற்றி அவனைத் தூக்கி வருவர். தெருவார் நின்று நகைப்பர். நம் பக்கத்துப் பெரியோர் இவற்றைச் சொல்லுங்கால், "அப்படியிருந்ததனாலன்றோ நாங்கள் படித்தோம்" என்று முடிப்பது வழக்கம். படியாது ஓடிப்போனவர்கள் அவ்வாறு சொல்ல நம்முன் வருவதில்லை என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

நிற்க. திண்ணை ஆசிரியர் கோல்கொண்டு மட்டும் ஆண்டார் என்றுரைத்தல் நடுநிலையன்று. அவரிடத்தே இன்று நாம் இழந்துவிட்ட வேறோர் அறிவும் இருந்தது. அமாவாசையும் பௌர்ணமியும் அவற்றை யடுத்த நாட்களும் பள்ளிக்கு ஓய்வு. அவ்வோய்வு நாளுக்கு வாவு என்று பெயர். அதன் பொருட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்க்குக் கொணர்வன வாவரிசியும் வாவுக்காசும் ஆம். வீட்டில் நோன்பும் படையலும் நிகழும் நாளும் பள்ளி ஓய்வுநாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்தமையாற் பிள்ளை திருட்டுத்தனமாய் நிற்க வேண்டிய தேவை குறைந்தது. நவராத்திரியிலோ ஆசிரியர் பிள்ளைகளைக் கோலாட்டத்தோடும் பாட்டோடும் வீடுவீடாக அழைத்துச் சென்றார். மானம்பூ என வழங்கிய இவ்விழாவில் அவர்க்கு வருவாயும் கிடைத்தது. அதனினும் மேலாக, எந்த வீட்டிற் கிழவி படுத்திருக்கின்றாள், எந்த வீட்டில் ஏர் நிற்கின்றது, எந்த வீட்டிற் பிள்ளைக்குச் செல்லம் மிகுதி என்பதெல்லாம் தெரிந்தது. வாராமையின் காரணத்தை அவர் பிள்ளையின் வாயாற் கேட்டறிய வேண்டியிருந்ததில்லை.

தேவையான வாராமை, தேவையற்ற வாராமை என்னும் பிரிவு எளிதன்று என்பதற்குங் கேம்பெலே சான்று. நடுத்தர மக்களும் ஏழை மக்களும் கல்விச் செலவைத் தாங்க இயலாராயினர் என்றும், பிஞ்சுக் கைகள் சிறிது வேலை செய்யும் பருவம் வந்தவுடனே பெற்றோர்க்கு அவற்றின் உதவி வேண்டியதாயிற்று என்றும் அவர் வருந்தி எழுதினார். அதே பள்ளியில் அதே கப்பியில், மாடு மேய்க்கப் போனவனும் மாங்காய் பறிக்கப் போனவனும் ஒருங்கே தொங்கினார்கள் என்பதை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் காட்சி மாறிற்று. 1854ஆம் ஆண்டு உட் என்பாரின் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகட்கு அரசின் உதவிப்பொருள் வந்தது. அதனோடு வருகைப் பதிவேடும் வந்தது. வாராத பிள்ளை அதுவரை ஆசிரியர்க்கும் வீட்டார்க்கும் இடைப்பட்ட செய்தி. இனி அவன் பணக்கணக்கிற் சேர்ந்தான். உதவிப்பொருள் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தேர்ச்சியையும் பொறுத்ததாகியபோது, இல்லாதவனை உள்ளவனாக எழுதும் ஆசை எழுந்தது. மேற்பார்வையாளர் வரும் நாளில் அயலூர்ச் சிறுவர்களைக் கூட்டி அமர்த்திய கதைகள் செங்கற்பட்டுப் பக்கத்தில் யாம் இளமையிற் கேட்டனவே. கோல் பிள்ளையை ஒளியச் செய்தது. பதிவேடு ஆசிரியரையே ஒளியச் செய்தது.

1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவினர் இதனை ஓரளவு உணர்ந்தனர் போலும். உழவூர்களிலும் பின்தங்கிய ஜில்லாக்களிலும், எந்நேரத்தில் எப்பருவத்திற் பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டும் என்பதை இயன்றமட்டும் நெகிழ்வாக வைத்துக்கொள்ளல் வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தனர். வாவு ஓய்விட்ட திண்ணை ஆசிரியரின் அறிவே அரசின் அறிக்கையாக மீண்டும் வந்தது எனலாம். ஆயினும் நடுவண் வகுத்த கால அட்டவணையே பெரும்பாலும் வென்றது.

அப்பாற் கட்டாயக் கல்விக் காலம். பரோடா சமஸ்தானத்திற் சாயாஜிராவ் கெய்க்குவாட் மன்னர் 1893இல் அம்ரேலிப் பகுதியிலும் 1906இல் நாடு முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கி, பிள்ளையை அனுப்பாத பெற்றோர்க்குத் தண்டம் விதித்தார். பொறுப்பு பிள்ளையை விட்டுப் பெற்றோரைச் சார்ந்தது இதன் சிறப்பு. தண்டம் செலுத்தியோர் பெரும்பாலும் ஏழையராயிருந்தது இதன் குறை. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், விரும்பிய இடங்களிற் கட்டாயத்தைக் கொணர உள்ளூராட்சி மன்றங்கட்கு இடந்தந்தது.

அதே 1920ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சி வேறொரு வழியையுங் கண்டது. பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில், நாளொன்றுக்குப் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவிற் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. தொடக்கக் கல்விப் பணத்தினின்று இதற்குச் செலவிடலாகாது என்று அரசு தடுத்தமையால் 1925இல் அது நின்றது. பின்னர்க் காமராசர் ஆட்சியில் 1956இற் பகலுணவுத் திட்டம் எழுந்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்ததும், 2022இற் காலையுணவு தொடங்கியதும் அன்பர்கள் அறிந்தனவே. கோலும் தண்டமும் செய்யாததைச் சோறு செய்தது. வாராமையின் காரணம் வீட்டின் அடுப்பில் இருந்தது. அங்கே கைவைத்தபோதுதான் பிள்ளை வந்தான்.

இடையே ஒன்று. பள்ளி வீட்டிற்கு இணங்குதல் வேண்டும் என்று யாம் சொல்வதைப் பிறழக் கொள்ளலாகாது. 1953இல் இராஜாஜி ஆட்சியிற் பள்ளிநேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அப்பன் தொழிலிலேயே மகனைக் கட்டிவைப்பது இது என்று மக்கள் கிளர்ந்தெழுந்தனர். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டனர். 1954இற் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. சாதிச் சங்கத்து இதழில் எழுதும் நாம் இதனை மறத்தல் கூடாது. வீட்டின் பொருட்டுப் பள்ளி சுருங்குதலை யாம் வேண்டவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பிள்ளையை உடலால் ஒறுத்தலையும் மனத்தால் வருத்துதலையும் விலக்கிற்று. பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்தலைப் பெற்றோரின் கடமையாக்கிற்று. அக்கடமை தவறினார்க்குத் தண்டம் எதுவும் அது வகுக்கவில்லை. கோலுமில்லை, கட்டையுமில்லை. நம் சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்திற் பசியால் நிற்கும் பிள்ளைகளும் முன்போலில்லை. எஞ்சியிருப்பது முதலிற் கூறிய விசேஷமே. குன்றைக் குடைந்து பல்லவர் அமைத்த நம் பாடலாத்திரி நரசிங்கர் சந்நிதியில் மூலவரை வலம்வரக் கருதுவோர் மலையையே சுற்றுதல் வேண்டும். திருவிழா நாளிற் பிள்ளை அம்மலையைச் சுற்றுவதில் எமக்குக் குறையில்லை. முகூர்த்த நாளொன்றுக்காக முந்திய நாளும் பிந்திய நாளும் சேர்ந்து மூன்று நாளாவதே எம் குறை.

இதனுள் ஒரு தீங்கு பதிவேட்டில் ஏறாதது. தமிழாசிரியராகிய யாம் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்பிக்கின்றேம். அதில் "எனக்குக் காய்ச்சல்" என்பதே வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. திருமணத்திற்குச் சென்று திரும்பிய பிள்ளை, தந்தை சொல்ல, அதையே எழுதித் தந்தையின் கையொப்பத்தோடு கொணர்கின்றான். தன் உரைநடையில் அவன் பிறர்க்கென எழுதும் முதற்கடிதம் பொய்யாக இருக்கின்றது. அதற்கு இலக்கணம் யாம் தந்தோம், சான்று பெற்றோர் தந்தனர்.

மூவாண்டுக்கு முன் யாம் எம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தோம். உண்மைக் காரணம் எழுதுவோரை வினவுதலும் கடிதலும் இல்லை என்று சொன்னோம். முதல் திங்களிற் காய்ச்சலே வந்தது. இரண்டாந் திங்களில் ஒரு சிறுமி, "எங்கள் சித்தி வீட்டில் வளைகாப்பு; எனக்குப் போக விருப்பமில்லை; தேர்வு இருந்தது; வீட்டில் விடவில்லை" என்று எழுதினாள். அக்கடிதத்தை யாம் வீட்டாரிடம் காட்டவில்லை. மாலையில் அவ்வீட்டிற்குச் சென்று, அடுத்த இரு திங்களின் தேர்வு நாட்களை எழுதித் தந்தோம். அவள் தாயார், "இதை முன்னமே யாரும் சொல்லவில்லையே ஐயா, சொல்லியிருந்தால் பாட்டியிடம் விட்டுச் சென்றிருப்பேன்" என்றார். எல்லா வீட்டிலும் அவ்விடையே கிடைத்ததென்று யாம் சொல்லோம். சில வீடுகளில், "ஒரு நாள் போனால் என்ன வாத்தியாரே, மொத்தமாகவா கெட்டுவிடும்?" என்று தேநீர் தந்து அனுப்பினர்.

அவ்வாறு சொன்னாரை யாம் குறைகூற இயலாதபடி செய்தது நஞ்சங்கமே. மதிப்பெண் மிகப்பெற்ற மாணாக்கர்க்குப் பரிசளிக்கும் விழா சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமையில் நிகழ்ந்தது. அன்று பள்ளிநாள். நன்கு படித்தமைக்குப் பரிசு பெற நம் பிள்ளைகள் பள்ளியை விடுத்து வந்து, மாலைவரை பந்தலிற் காத்திருந்தனர். மறுநாள் எம் வகுப்பிற்கு வந்த கடிதங்களில் இரண்டு, காய்ச்சல் என்றிருந்தன. அவ்விருவரும் மேடையில் நின்றதை யாம் முன்வரிசையில் அமர்ந்து கண்டோம். யாமும் அன்று விடுப்பே.

இவ்வாண்டு விழாவுக்கு நாள் குறிக்கும் செயற்குழு அடுத்த திங்களிற் கூடுகின்றது என்றறிகின்றேம். பள்ளி நாட்காட்டியொன்றைச் செயலாளர்க்கு இவ்விதழோடு அனுப்பியிருக்கின்றேம். ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையாற் சுழித்திருக்கின்றேம்.