பெயர்களை இணைக்கும் பணி: நூற்பட்டியலின் வரலாறும் தென்காசி வட்டாரமும்

1. இரண்டு குறவஞ்சிகள்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே மேலகரம் என்னும் ஊர் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யை இயற்றினார். குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி குறி சொல்லுவதும், சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருவதும் தமிழறிந்தோர் யாவரும் அறிந்தவை. அந்நூற்றாண்டு முடிந்து அடுத்தது தொடங்கிய காலத்தில் மற்றொரு குறவஞ்சி தஞ்சையில் எழுந்தது. அது ‘பெத்லகேம் குறவஞ்சி’. அதனை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பட்டவர். அந்நூலின் தலைவி தேவமோகினி, தலைவர் கிறிஸ்து.

இவ்விரு நூல்களும் ஒரே இலக்கிய வகையைச் சார்ந்தவை. ஒரே மக்களின் மொழியையும் ஆடலையும் பாடலையும் தளமாகக் கொண்டவை. எனினும் நம் நூலகங்களில் இவை அருகருகே நின்றதில்லை. ஒன்று சைவ இலக்கிய வரிசையிலும் மற்றொன்று கிறிஸ்தவ இலக்கிய வரிசையிலும் வைக்கப்பட்டன. ஒன்றைத் தேடி வந்த மாணவன் மற்றொன்று இருப்பதை அறியாமலே திரும்பியிருப்பான். இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது, அதனைக் களையும் வழி இக்காலத்தில் எவ்வாறு பிறந்துள்ளது, அப்பணியில் இவ்வட்டாரத்து இளைஞர்க்குரிய பங்கு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

2. மிஷனரிமாரின் பட்டியல்கள்

தமிழ் நூல்களைப் பட்டியலிடும் முயற்சியில் சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிமாருக்கு முக்கிய இடமுண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில், அதாவது 1708-இல், தாம் திரட்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ‘பிப்ளியோதேக்கா மலபாரிக்கா’ என்று வழங்கும் அப்பட்டியலில் தமிழ் இந்துக்களின் நூல்களாக மட்டும் 119 இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. வெறும் பெயர்ப் பட்டியலாக நின்றுவிடாமல், நூல் எத்தகையது என்னும் குறிப்புகளையும் அவர் எழுதிவைத்தார். ஆயினும் லுத்தரன் நூல்கள், கத்தோலிக்க நூல்கள், இந்துக்களின் நூல்கள், இஸ்லாமியரின் நூல்கள் எனச் சமயவாரியாகவே அவற்றைப் பகுத்தார்.

1865-இல் ஜான் மர்டாக் ‘வகைப்படுத்திய தமிழ் அச்சுநூற் பட்டியல்’ ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். தமிழில் அதுவரை அச்சேறிய நூல்களைக் குறித்து ஆராய்வோர் இன்றும் அதனை நாடுகின்றனர். அவரும் சமய நூல்களைச் சமயவாரியாகவே பிரித்தார். சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப்பும் பார்னெட்டும் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல், போப் மறைந்த மறு ஆண்டாகிய 1909-இல் வெளிவந்தது.

இம்மூவரின் உழைப்புக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். ஆனால் வரலாற்று மாணவன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் என்பது நூல்களை எண்ணுவதோடு அமைவதில்லை. எதனை எதனோடு சேர்ப்பது, எதனிலிருந்து எதனைப் பிரிப்பது என்று அது தீர்ப்பும் வழங்குகிறது. சமயத்தை முதற்பிரிவாகக் கொண்ட பட்டியலில் மேலகரத்துக் கவிராயரும் தஞ்சைச் சாஸ்திரியாரும் சந்திக்க இடமில்லை. எந்தப் பகைமையாலும் இது நேர்ந்ததன்று. ஒரு நூலுக்கு ஒரு பிரிவு என்ற அமைப்பின் விளைவே இது.

3. அரங்கநாதனும் அட்டைப் பெட்டியும்

இவ்வமைப்பின் குறையை நன்கு உணர்ந்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகச் சென்றது. 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைப்பதை விடுத்து, அதன் பொருளைப் பல முகங்களாகப் பகுத்துப் பார்த்தது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து அடிப்படைகளை அவர் வகுத்தார். இம்முறைப்படி குறவஞ்சி என்னும் வகை ஒரு முகம். சமயம் மற்றொரு முகம். இடமும் காலமும் வேறு முகங்கள்.

அவர் கண்ட உண்மை பெரிது. அவர் கையிலிருந்த கருவியோ சிறிது. நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். அட்டையும் பெட்டியில் ஓரிடத்தில்தான் கிடக்கும். மேலும் சில அட்டைகள் எழுதி வழிகாட்டலாம். ஆனால் எத்தனை அட்டை எழுதுவது? 1972-இல் அவர் மறைந்தபோது கணிப்பொறி நூலகத்திற்குள் நுழைந்துவிட்டிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட்டா அவ்ரம் என்னும் அம்மையார் 1960-களில் ‘மார்க்’ என்னும் பதிவு முறையை உருவாக்கியிருந்தார். உலகெங்கும் பரவிய அம்முறை அட்டையைக் கணிப்பொறி படிக்கும்படி செய்தது. ஆயினும் அது அட்டையின் வடிவத்தையே பின்பற்றியது. ஆசிரியர் பெயர் அதில் பெரும்பாலும் எழுத்துச் சரமாகவே நின்றது.

4. பெயரும் ஆளும்

எழுத்துச் சரம் வேறு, ஆள் வேறு. இதனைத் தமிழர் பெயர்களைக் கையாண்ட எவரும் அறிவர். வேதநாயகம் என்ற பெயரில் நம் இலக்கிய வரலாற்றில் இருவர் சிறந்து விளங்குகின்றனர். ஒருவர் மேற்கூறிய சாஸ்திரியார். மற்றவர் 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் புதினத்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). இருவரும் கிறிஸ்தவர், இருவரும் கீர்த்தனைகள் இயற்றியவர்கள். ரோமன் எழுத்தில் ஒருவர் பெயரையே ஒரு நூலகம் ஒருவகையாகவும் மற்றொரு நூலகம் வேறுவகையாகவும் எழுதும். மேலைநாட்டு வழக்கப்படி பெயரின் பிற்பகுதியை முன்னே வைத்தால் ஒருவர் ‘சாஸ்திரி’யின்கீழும் மற்றவர் ‘பிள்ளை’யின்கீழும் போய், அப்பட்டப் பெயர்களுடைய எண்ணற்றோர் நடுவே மறைந்துவிடுவர்.

இடப்பெயர்களின் நிலையும் இதுவே. குற்றாலம் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்பட்டுள்ளது. மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம் அதனோடு எளிதில் குழம்புகிறது. ஆட்சி எல்லைகளோ மாறிக்கொண்டே இருந்தன. செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆகவே 1940-இல் செங்கோட்டையில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தைத் ‘தென்காசி மாவட்டம்’ என்றோ ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றோ மட்டும் பதிவு செய்தால் வரலாறு பிழைபடும். திருவிதாங்கூரைப் பற்றி ஆராய்பவன் அதனைக் காணமாட்டான்.

5. இணைப்புத் தரவு என்பது யாது?

1989-இல் வைய விரிவு வலையை முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ்-லீ, 2006-இல் இணைப்புத் தரவுக்குரிய நான்கு நெறிகளை எழுதினார். அவற்றின் சாரம் இது: ஒவ்வொரு பொருளுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஒரு நிலைத்த முகவரியைப் பெயராகக் கொடு; அப்பெயர் வலையில் தேடத்தக்கதாக இருக்கட்டும்; தேடி வந்தவனுக்குப் பயனுள்ள செய்தியை அளி; பிற பொருள்களின் பெயர்களோடு அதனை இணை.

இச்செய்திகள் சிறு சிறு வாக்கியங்களாக அமைகின்றன. தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இது புதிதன்று. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மூன்று உறுப்புகள் உண்டு. ‘வேதநாயக சாஸ்திரியார் இயற்றினார் பெத்லகேம் குறவஞ்சியை’ என்பது ஒரு வாக்கியம். ‘பெத்லகேம் குறவஞ்சி சார்ந்துள்ளது குறவஞ்சி வகையை’ என்பது மற்றொன்று. குற்றாலக் குறவஞ்சிக்கும் இவ்வாறே எழுதிவிட்டால், குறவஞ்சி என்னும் முடிச்சில் இரண்டும் தாமே சந்திக்கின்றன. எந்த நூலும் தன் சமயப் பிரிவை இழக்க வேண்டியதில்லை. சாஸ்திரியாரையும், அவரைப் போலவே சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, பின்னர் தஞ்சையில் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த மன்னர் இரண்டாம் சரபோஜியையும் இணைக்க மேலும் ஓரிரு வாக்கியங்கள் போதும். அரங்கநாதன் அட்டைகளால் செய்ய விரும்பியதை இம்முறை எளிதாக்குகிறது.

பெரிய நூலகங்கள் இவ்வழியில் நடக்கத் தொடங்கியுள்ளன. பல நாட்டு நூலகங்களின் ஆசிரியர் பெயர்ப் பதிவுகளை ஒன்றிணைக்கும் ‘வியாஃப்’ என்னும் முயற்சி 2003-இல் உருப்பெற்றது. மார்க் முறைக்கு மாற்றாக ‘பிப்ஃபிரேம்’ என்னும் அமைப்பைக் காங்கிரஸ் நூலகம் 2012-இல் முன்வைத்தது. அவ்வாண்டே யாவரும் பங்குகொள்ளக்கூடிய விக்கித்தரவு தொடங்கிற்று. சுவீடன் நாட்டுத் தேசிய நூலகம் 2018-இல் தன் பட்டியலை இணைப்புத் தரவுக்கு மாற்றியது.

6. வேலை யாருடையது?

இங்கு ஒரு வினா எழுகிறது. தமிழ்ப் பெயர்களைப் பற்றிய இவ்வாக்கியங்களை எழுதப்போவது யார்? இணைப்பைக் கணிப்பொறி முன்மொழியலாம். இரு வேதநாயகங்களும் ஒருவரே என்றும் அது முன்மொழியும்! அதனை மறுப்பதற்கு நூல்களை அறிந்த ஒருவர் வேண்டும். ஒருமுறை தவறாக இணைத்துவிட்டால், அத்தவறு இணைப்பின் வழியே எல்லா நூலகங்களுக்கும் பரவும். அட்டையில் நேர்ந்த பிழை ஒரு பெட்டிக்குள் கிடந்தது. இப்பிழையோ ஊர் சுற்றும்.

எனவே இப்பணிக்கு இருவகை அறிவு தேவைப்படுகிறது. ஒன்று, தரவு அமைப்புகளையும் அவற்றை வினவும் மொழிகளையும் கையாளும் தொழில்நுட்ப அறிவு. மற்றொன்று, ஓலைச்சுவடியின் எழுத்தையும், பழைய அச்சுநூலின் முகப்பையும், ஊர்ப் பெயரையும் மரபுப் பெயரையும் அறிந்த அறிவு. முன்னையது நகரத்துக்கே உரியதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. இவ்வட்டாரத்து இளைஞர் பட்டம் பெற்றதும் சென்னைக்கும் பெங்களூருக்கும் புறப்பட்டனர்.

அவ்வெண்ணம் தவறென்பதற்குத் தென்காசியே சான்றாயிற்று. 1996-இல் தொடங்கப்பெற்ற மென்பொருள் நிறுவனம் ஒன்று, இன்று ஸோஹோ என வழங்குவது, 2011-இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கி, குற்றாலமலை அடிவாரத்து மத்தளம்பாறையில் வேரூன்றியது. பள்ளியிறுதி முடித்தோர்க்குப் பயிற்சி அளித்துப் பணியில் அமர்த்தும் திட்டத்தை அந்நிறுவனம் 2005 முதல் நடத்தி வந்துள்ளது. வணிக நிறுவனங்களுக்கான மென்பொருள் அதன் தொழில். நூலகப் பணி அதன் நோக்கமன்று. ஆயினும், உலகம் பயன்படுத்தும் மென்பொருளை வயல்களுக்கு நடுவே அமர்ந்து எழுதலாம் என்பதை அது மெய்ப்பித்தது. மென்பொருளுக்கு இயன்றது நூலகத் தரவுக்கு இயலாததன்று. இரண்டாம் வகை அறிவோ இம்மண்ணில் ஏற்கெனவே உள்ளது. குற்றாலத்தையும் குத்தாலத்தையும் பிரித்தறிய இவ்வூர்ப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டுவதில்லை.

ஆனால் வேலை வந்தால் போதும் என்று நாம் அமைந்துவிடலாகாது. அட்டைகளையும் நூல்களையும் தட்டச்சு செய்து தரும் பணி குறைந்த கூலிக்கு நம் நாட்டில் நடந்ததுண்டு. அதில் உழைத்தவர்க்கு எழுத்துகளைப் பதிக்கும் கடமை இருந்தது. தீர்மானிக்கும் உரிமை இருந்ததில்லை. பட்டியல் தீர்ப்பு வழங்குகிறது என்று முன்னர்க் கண்டோம். அத்தீர்ப்பைத் தொலைவில் இருப்போர் வழங்க, நம்மவர் தட்டச்சு மட்டும் செய்வாராயின், 1865-ஆம் ஆண்டின் நிலையிலிருந்து நாம் அதிகம் நகர்ந்தவர்கள் ஆகமாட்டோம். பெயரின் வடிவத்தையும் பிரிவையும் உறவையும் முடிவு செய்யும் இடத்தில் தமிழறிந்த நூலகர் அமர வேண்டும். அதற்குத் தக்க ஊதியமும் வேண்டும்.

7. நம் முன் உள்ள கடமை

சபைகளிடத்தும் இறையியல் கல்லூரிகளிடத்தும் நூல்கள், அறிக்கைகள், ஞானஸ்நானப் பதிவேடுகள் பல உள்ளன. மிஷனரிமாரின் பெயர்கள் உலகப் பட்டியல்களில் ஏறிவிட்டன. அவர்களோடு நடந்து திரிந்த உபதேசிமார், வேதாகமப் பெண்கள், மொழிபெயர்ப்பில் துணைநின்ற பண்டிதர்கள் ஆகியோரின் பெயர்கள் அறிக்கைகளின் இடையிலும் பதிவேடுகளின் ஓரத்திலும் நின்றுவிட்டன. ஒருவருக்கு ஓர் அடையாளம் கொடுத்து, அவர் பணிசெய்த ஊரோடும் காலத்தோடும் இணைத்தால், சபை வரலாற்றை எழுதுவோர் அவரைக் கடந்து செல்ல இயலாது.

இதற்கென நாம் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது, நூலகங்களின் பழைய அட்டைகளை எறிந்துவிடாமல் காக்க வேண்டும். அவற்றின் ஓரத்தில் பழைய நூலகர் எழுதிய குறிப்புகளில் அச்சிடப்படாத அறிவு உள்ளது. இரண்டாவது, 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறை பரவுமுன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பட்டியல்களை, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, பதிவேடுகளைத் திறக்கும்போது அளவறிந்து திறக்க வேண்டும். அவற்றில் சாதிப் பெயர்களும், குடும்பங்கள் மறைக்க விரும்பும் செய்திகளும் உள்ளன. தரவை இணைப்பதால் உண்டாகும் வலிமை, ஆய்வாளனுக்கு உதவுவதைப் போலவே, வாழ்வோருக்குத் தீங்கு செய்ய விரும்புபவனுக்கும் உதவும். ஆகவே மறைந்தோரின் பணியை இணைக்கலாம்; வாழ்வோரின் மரபைத் தோண்டலாகாது. இவ்வெல்லையை வகுக்கும் பொறுப்பைத் தொழில்நுட்பம் ஏற்காது. பதிவேட்டைத் தன் கையில் வைத்திருக்கும் ஆயரே அதனை ஏற்க வேண்டும்.

சீகன்பால்கு கரையிறங்கிய இரண்டாம் ஆண்டிலேயே பட்டியல் எழுதினார். அவருக்குத் தெரிந்தது சிறிது. அதனை எழுதிவைத்தமையால் நாம் இன்று அறிவது பெரிது. நமக்குத் தெரிந்ததை நாம் எழுதிவைக்கத் தாமதிப்போமாயின், நம் பெயர்களைப் பற்றிய வாக்கியங்களை அவற்றை ஒலிக்கவும் அறியாதோர் எழுதுவர். இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் சபையில் பணியாற்றி மறைந்த ஓர் உபதேசியாரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைச் சான்றோடு எழுதித் தம் கல்லூரி நூலகரிடம் ஒப்படைப்பாராயின், அதுவே இப்பணிக்குத் தக்க தொடக்கமாகும்.