பிளாட்டினக் கம்பி பொய் சொன்னதா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நெல் விளையும் பூமி. நவீன அரிசி ஆலைகளில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. உமியை எரித்து, அந்தச் சூட்டில் டிரையரில் காயவைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் அரிசியில் வெடிப்பு விழும், அரைக்கும்போது நொய்யாகிவிடும். முழு அரிசி விலை நொய்க்குக் கிடைக்குமா? ஆக, சூட்டை அளக்கும் சென்சார் தப்பாகக் காட்டினால் நஷ்டம்தான்!

இதுபோன்ற வேலைகளுக்கு உதவும் சென்சார்களில் ஒன்று பி.டி.100. உள்ளே இருப்பது பிளாட்டினம். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம். தடையை அளந்தால் சூடு தெரிந்துவிடும். ஆனால் இதே பிளாட்டினத்தை ஒரு காலத்தில் "நம்ப முடியாது" என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1871ல் வில்லியம் சீமென்ஸ் இந்த யோசனையை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். களிமண் உருளையில் பிளாட்டினக் கம்பியைச் சுற்றி, இரும்புக் குழாய்க்குள் வைத்து, உலைச் சூட்டை அளக்கலாம் என்றார். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு அமைத்துச் சோதித்தது. உலையில் வைத்து எடுக்க எடுக்கக் கம்பியின் தடை மாறிக்கொண்டே போனது. 1874ல் குழுவின் அறிக்கை வந்தது. அதோடு பிளாட்டினத்தின் மதிப்பு போயிற்று.

சுமார் 12 வருடம் கழித்து, கேம்பிரிட்ஜில் ஹியூ காலெண்டர் இதைத் திரும்பக் கையில் எடுத்தார். வயது 23தான். செவ்வியல் மொழிகளும் கணிதமும் படித்தவர், ஆய்வுக்கூடத்துக்குப் புதியவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: குற்றம் கம்பியிலா, கம்பியைச் சுற்றி இருப்பதிலா? களிமண்ணும், இரும்புக் குழாய்க்குள் சூட்டில் உண்டாகும் வாயுக்களும்தான் கம்பியைக் கெடுத்தன. சுத்தமான கம்பியை இழுவிசை இல்லாமல், வேறு எதுவும் தீண்டாமல் வைத்தால் அது மாறவே இல்லை! 1887ல் ஆய்வு வெளியானது. 1927ல் சர்வதேச வெப்பநிலை அளவுகோல் ஏற்கப்பட்டபோது, அதன் ஒரு பெரும் பகுதிக்கு பிளாட்டினமே அளவுகருவி ஆனது.

இன்றும் பழுது பார்க்கும் முறை காலெண்டர் வழிதான். முதலில் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். கம்பி அறுந்தால் கருவியில் எக்கச்சக்கமான எண் அல்லது பிழைச் செய்தி வரும். முனை தளர்ந்தோ துருப்பிடித்தோ 1 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் சுமார் 2.5 டிகிரி அதிகமாகக் காட்டும். நெல் சரியாகக் காயாது. குழாய்க்குள் ஈரம் புகுந்தால் குறைத்துக் காட்டும். தீ அதிகமாகி நெல் கெடும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில், விழுப்புரம் போன்ற சமவெளி ஊரில், 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். (ஊட்டியில் தண்ணீர் 92, 93லேயே கொதித்துவிடும்.)

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடே அதிர்ந்தது. வானிலைத் துறை அங்கே தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரிந்தது.

கேஷ் புக்கை பாஸ்புக்கோடு ஒத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாரும் கணக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிவதில்லை. எந்த வரியில் தப்பு என்று தேடுகிறார்கள். 1874ல் அதைத் தேடாமல் விட்டதற்கு உலகம் கொடுத்த விலை சுமார் 12 வருடம்.