பயிர் கலைத்தல்

நெருங்கி முளைத்த இளஞ்செடிகளில் சிலவற்றை எடுத்துவிட்டு, நிற்பவற்றுக்கு இடமும் வெளிச்சமும் விடுவது பயிர் கலைத்தல். கீரை, முள்ளங்கி, வெண்டை, கொடிக்காய் போல நேரடியாக விதைப்பவற்றுக்கே இது வேண்டும். கத்தரியும் மிளகாயும் நாற்றைப் பறித்து நடும்போதே இடைவெளி பெற்றுவிடும்.

சிலர் இதைக் 'களைதல்' என்று எழுதுவது பிழை. பிடுங்கப்படுவது களையல்ல, நாமே விதைத்த பயிர். உழவு, எரு, களையெடுப்பு, நீர், காவல் ஐந்தையும் அடுக்கும் 1038ஆம் குறளில்கூடக் கலைத்தல் இல்லை. பழமொழிகளோ இடைவெளியைப் பற்றி விடாமல் பேசுகின்றன. 'கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்' என்பதில் 'கலக்க' என்றால் விலக்கி, போர், வைக்கோற்போர். நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட என்பதும் இதே கணக்குதான்.

கலைத்தலுக்கு நல்ல சான்று எள். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டு, டி.எம்.வி. என்று தொடங்கும் எள், நிலக்கடலை ரகங்கள் அவ்வூர்ப் பெயரைத் தாங்கியவை. எள் விதையை மணலோடு கலந்து விதைத்து, 15ஆம் நாள் செடிக்குச் செடி 15 செ.மீ., 30ஆம் நாள் 30 செ.மீ. இருக்கும்படி கலைப்பார்கள். ஒரே மூச்சில் கலைத்தால், பின்னால் பூச்சி தின்றதற்கு ஈடு இருக்காது.

கொல்லைப்புற முளைக்கீரைப் பாத்திக்கும் இதே முறை. கடுகைவிடச் சிறிய, கருப்பாக மினுங்கும் விதை. மணல் கலந்தாலும் கை தாழ்ந்த இடத்தில் கொத்தாக எழும். அங்கே தண்டு நூலாய் நீண்டு வெளிறிச் சாயும், ஈரம் தங்கினால் நாற்றழுகலும் வரும். மண் நனைந்திருக்கும்போது, நிற்க வேண்டிய செடியின் அடியை இரு விரலால் அழுத்திக்கொண்டு பக்கத்துச் செடியை இழுக்க வேண்டும். எடுத்ததை வேரில் ஒட்டிய மண் போக அலசினால் அன்றைய கடையலுக்கு ஆயிற்று. கீரையில் கலைப்பே முதல் அறுவடை. மனசு வராமல் விட்டுவிடுபவர்களுக்கு இந்த அறுவடையும் இல்லை, பின்னால் வருவதும் இல்லை.

பீட்ரூட்டில் விதை என்று நாம் ஊன்றுவது பல விதைகள் ஒட்டிய உருண்டை. எவ்வளவு எட்ட ஊன்றினாலும் கலைக்காமல் முடியாது. ஆடிப்பட்டத்துப் பாகலுக்குக் குழிக்கு 5 விதை ஊன்றி, 15 நாளில் திடமான இரண்டை நிறுத்துவார்கள். மற்றவற்றைப் பிடுங்காமல் அடியோடு கிள்ளுவதே சரி, வேர்கள் பின்னியிருக்கும்.

இப்போது மாடித்தோட்டப் பைகளிலும் கலைக்கிறார்கள். குழித்தட்டு நாற்று வாங்குபவர்களுக்கு இந்த வேலை இல்லை.