மாடமும் அயல்மனையும்

உயர்ந்த மாடம் எடுத்தல் பண்டு எல்லார்க்கும் உரியதன்று. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடு, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமையையும் உடன் வழங்குகின்றது. வேந்தன் தனியே வழங்கியமையின், அஃது ஏனையோர்க்கு இயல்பாய் அமைந்த உரிமையன்று என்பது போதரும்.

தென்காசியில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதர் கோயிலை எடுப்பித்தான். நெடுங்காலம் சிதைந்து நின்று 1990இல் மீண்டும் முழுமையுற்ற அதன் கோபுரம் ஊர்ப்பொதுவான உயரமாகும். தனிமனை உயருங்காலோ அயலானின் வெயிலும் காற்றும் குறைகின்றன.

அவ்வயலானை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் கருதிற்று. இருபதாண்டு தடையின்றித் துய்த்த வெளிச்சமும் காற்றும் அவனுக்கு உரிமையாயின. ஆயினும் கேடு பெரிதெனக் காட்டும் சுமை அவன்மேலதே. 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதை உயர்மாடிக் கட்டடம் என வரையறுத்து, சுற்றிலும் திறந்தவெளி விடப் பணித்தன.

விதி மட்டும் போதுமோ? சென்னை மௌலிவாக்கத்தில் 2014 சூன் 28இல் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அருகிருந்த இணைக்கட்டடத்தை 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்த்தபோது, சுற்றியிருந்தோர் தம் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அன்று வேந்தன் அளித்த உயரத்தை இன்று அலுவலகம் அளிக்கின்றது. இசைவு அளிக்குமுன் அயல்மனையாரையும் கேட்டல் முறையாகும். குற்றாலமலை அடிவாரத்து ஓட்டுவீட்டார்க்கும் இது பொருந்தும்.