தொட்டில் குழந்தைத் திட்டம்

பெற்றோர் வளர்க்க இயலாத அல்லது விரும்பாத சிசுக்களை, குறிப்பாகப் பெண் சிசுக்களை, அரசே ஏற்றுக் காக்கும் தமிழ்நாட்டுத் திட்டம். சேலம் மாவட்டத்தில் பெண்சிசுக்கொலையைத் தடுக்க, முதல்வர் ஜெ. ஜெயலலிதா 1992இல் தொடங்கினார். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவுபெற்றது. தொட்டிலில் ஒப்படைக்கப்படும் குழந்தைகள் தத்துக் கொடுக்கப்படுகின்றனர்.

சிசுக்கொலைக்கு வறுமையை மட்டும் காரணமாகக் கொள்வது பிழை. நிலமுள்ள குடும்பங்களிலும் அது நிகழ்ந்தது. வரதட்சிணை, சீர்வரிசைச் செலவு, ஆண்வழிச் சொத்துரிமை, பிள்ளைப்பேற்றில் தாயின் சொல் எடுபடாமை ஆகியவை ஒன்றையொன்று வலுப்படுத்தின. முதல் பெண்ணை வளர்த்த குடும்பங்களே அடுத்தடுத்துப் பிறந்த பெண்களை மறுத்தது இதன் கொடிய கூறு. பிறக்குமுன்பே பெண் கருவைக் கலைப்பதற்கு எதிராக, கருவின் பால் கண்டறிதலைத் தடுக்கும் நடுவண் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. உயிர்களைக் காத்தபோதும், பெண்மகவைக் கைவிடுவதைத் தொட்டில் குழந்தைத் திட்டம் இயல்பாக்குகிறது என்ற விமர்சனம் உண்டு.