முத்துச் சல்லடையும் கம்ப்யூட்டர் சிப்பும்

நம்மூரில் பெரிய அளவில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். சிப்பியைத் திறக்காமலே, ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது எடுத்தவர் அதிர்ஷ்டம்.

முத்து கைக்கு வந்த பிறகு அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. வியாபாரிகளிடம் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைவிட அடுத்ததில் துளை சிறியது. அதில் சலித்து அளவு பிரித்து, பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ரகம் பிரிப்பார்கள். ஆணிமுத்துக்கு ஒரு விலை, தூளுக்கு ஒரு விலை. எல்லாம் ஒரே பாரில் விளைந்தவைதான்.

இந்தப் பழங்கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் பேரன். கல்லூரியில் படிக்கிறான். ஆறு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் புதிய கேம்கள் திக்கித் திணறுகின்றன, மேம்படுத்த வேண்டும் என்று கேட்டான். நான் ஒதுக்கிய தொகை 30,000 ரூபாய். பென்ஷனில் அதற்கு மேல் கை நீளாது. அவன் கொண்டுவந்த பட்டியலோ அதைப்போல் இரண்டு மடங்கு. எதை வாங்குவது, எதை விடுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

சிப் செய்கிறவர்களும் சலிக்கத்தான் செய்கிறார்கள். ஒரே சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகள் உருவானாலும் எல்லாம் ஒரே தரத்தில் தேறுவதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்து, வேகமாக ஓடுவதை அதிக விலைக்கும், ஒரு பகுதி பழுதானதை அந்தப் பகுதியை மட்டும் முடக்கிக் குறைந்த விலைக்கும் விற்கிறார்கள். ஏ.எம்.டி. நிறுவனம் 2008-இல் விற்ற மூன்று கோர் ஃபீனம் ப்ராசஸர், நான்கு கோரில் ஒன்றை முடக்கியதுதான். சில சமயம் நல்ல சரக்கும் மலிவு ரகத்தில் வந்து விழும். 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ அப்படிப்பட்டது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றதை, மதர்போர்டில் ஓர் அமைப்பை மாற்றி 450-இல் ஓட்டினார்கள். கையில் காசு குறைவாக இருந்த கேம் பிரியர்களுக்கு அது ஆணிமுத்து.

இந்தியாவில் கம்ப்யூட்டர் பாகங்கள் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது வரி குறைந்ததால். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதி வரியைக் குறைத்தது. 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது; அதன்படி 2005-க்குள் பெரும்பாலான பாகங்களுக்குச் சுங்க வரி பூஜ்யமானது. இடைப்பட்ட காலத்தில்தான் சென்னை ரிச்சி தெரு கொடிகட்டிப் பறந்தது. ரேடியோ பாகங்கள் விற்ற அந்தத் தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் கம்ப்யூட்டர் சந்தையாகின. இரவு ரயிலில் எழும்பூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினெட் ஒரு கடை என்று வாங்கி, மறுநாள் காலை துணி மூட்டை போல மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் நம்மூரில் உண்டு. பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் தொட்டது இப்படித்தான்.

துறைமுக ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் எளிதில் புரியும்: எங்கோ அடிக்கிற அலை நம் வீட்டு விலையை ஏற்றும். 1993-இல் ஜப்பானில் ஒரு ரசாயன ஆலை வெடித்தது, ரேம் விலை ஏறியது. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம், மறுபடி ஏறியது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கின, ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை வாரிக்கொண்டார்கள். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை விழுங்க, ரேம் விலை மறுபடி எகிறியது.

பேரனின் பட்டியலில் புதிய ப்ராசஸர், அதற்கென்று புதிய மதர்போர்டு, அதற்கென்று புதிய டி.டி.ஆர்.5 ரேம் எல்லாம் இருந்தன. மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். அவற்றை வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு மிஞ்சாது. "ஏல, எது மூச்சு முட்டுதுன்னு முதல்ல பாரு" என்றேன். கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் நூறு சதவீதம், ப்ராசஸர் பாதிதான். "அப்ப கார்டுதான் தாத்தா" என்று அவனே சொன்னான்.

அவனிடம் இருந்தது 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 4 ஜி.பி. அதற்குப் பதில் 8 ஜி.பி. ஆர்.எக்ஸ். 6600 என்று முடிவானது. மைனிங்கில் ஓடிய பழைய கார்டு மலிவாகக் கிடைக்கும் என்றான். அது திறக்காத சிப்பி. பில்லும் வாரன்டியும் உள்ள புதிதே போதும் என்றேன்.

பழைய கார்டு 75 வாட்டில் மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். புதியதற்கு 132 வாட், தனி எட்டு பின் கேபிளும் வேண்டும். பேர் தெரியாத பழைய எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்காது. நம்மூர் மின்சாரம் ஏறி இறங்குவதும், உப்புக் காற்று கனெக்டர்களை அரிப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே வண்ண விளக்குக் கேபினெட்டை அடித்துவிட்டு, அந்தக் காசில் தரமான எஸ்.எம்.பி.எஸ். எழுதினோம்.

ரேம் ஏற்கெனவே 16 ஜி.பி., இரண்டு குச்சியாக இருக்கிறது. விற்கிற விலைக்கு அதைத் தொடவேண்டாம். ப்ராசஸர் ரைசன் 5 2600. அதன் பி450 மதர்போர்டில் பயாஸைப் புதுப்பித்தால் 2022-இல் வந்த ரைசன் 5 5600 அப்படியே உட்காரும். 2017-இல் ரைசன் வந்த அதே ஏ.எம்.4 சாக்கெட்டை ஏ.எம்.டி. பல வருடம் மாற்றாமல் வைத்திருந்த புண்ணியம் இது. அதைத் தீபாவளிக்குத் தள்ளிவைத்தோம்.

இப்போது வரும் பல லேப்டாப்புகளில் ரேமையே போர்டில் பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியாது. மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். சிறு வருமானக்காரன் ஆண்டுக்கு ஒரு பாகமாகச் சேர்த்து நல்ல மெஷின் கட்டிக்கொள்ளும் வழி அடைபட்டால் இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான். உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் புதிதாக வாங்கக் கேட்டால், பின்னால் எதெதை மாற்ற முடியும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

கழற்றிய பழைய கார்டை விற்கவில்லை. என் தம்பி பேரன் பத்தாவது படிக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டே கிடையாது. அடுத்த ஞாயிறு அதை மாட்டிக் கொடுக்கப் போகிறார்கள்.